எவரிஸ்தோவின் கடைசிப் பத்தி

பத்திரிகைக்காரர்கள் செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். இடம் போதவில்லை என்றால் முதலில் கடைசிப் பத்தி போகும். அதுவும் போதாவிட்டால் அதற்கு மேலே இருப்பது, பிறகு அதற்கும் மேலே. அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். கசாமாவில் இருந்த எவரிஸ்தோ கசொண்டேக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆறு வருஷம் அவனிடமிருந்து செய்தி வாங்கிப் போட்டார்கள். ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஒரு துண்டுச் சீட்டில் இந்த ஒரு வரியை எழுதி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. முபாங்காவுக்கு அந்த ஆத்திரம் பதினாலு வருஷமாக ஆறவில்லை. இப்போதும் பேருந்தில் யாராவது பேப்பரை விரித்துப் பிடித்தால் கண்ணாடியில் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் கியரை மாற்றுவான்.

முபாங்கா நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடியவன். கசாமாவுக்கும் தலைநகர் லுசாக்காவுக்கும் இடையே பேருந்து ஓட்டியே தலை நரைத்தவன். எவரிஸ்தோ அவனுடைய தங்கை எக்சில்டாவின் புருஷன். சாலை இலாகா முகாமில் கூலியாட்களின் வருகையைக் குறிக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இலாகா அந்த முகாமை மூடியதும் வீட்டுக்கு வந்தான். மற்றவர்கள் எல்லாரும் மரக்கரி மூட்டை தூக்கப் போனார்கள். இவன் லுசாக்காவில் இருக்கிற பெரிய பத்திரிகைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தான்.

எட்டுக் கடிதம் எழுதினான். எட்டாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. உங்கள் பகுதிச் செய்திகளை அனுப்பலாம், தகுதி இருந்தால் பிரசுரிப்போம் என்று இரண்டே வரி. அந்த இரண்டு வரியைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினான் எவரிஸ்தோ. கல்யாணப் படம் அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் கீழே தொங்கியது. எக்சில்டாவுக்கு அதில் வருத்தம்தான்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் காலை ஐந்து மணிக்கு எவரிஸ்தோ பேருந்து நிலையத்தில் நிற்பான். கையில் ஒரு பழுப்பு உறை. முபாங்கா அதை வாங்கி, கண்ணுக்கு மேலே வெயிலை மறைக்கிற பலகைக்குப் பின்னால் செருகிக்கொள்வான். பன்னிரண்டு மணி நேர ஓட்டம். லுசாக்கா வந்ததும் பயணிகளை இறக்கிவிட்டு, பத்திரிகை அலுவலகத்து வாசல் காவல்காரனிடம் அதைக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவான். ஆறு வருஷத்தில் ஒரு உறைகூட நனைந்ததில்லை, கசங்கியதில்லை. தொலைந்ததும் இல்லை.

அனுப்பியதில் பத்துக்கு ஒன்று வரும். பாலம் உடைந்தது, பாம்பு கடித்தது, பள்ளிக்கூடத்துக் கூரை பறந்தது. மூன்று வரி, நாலு வரி. தலைப்புக்குக் கீழே ‘நமது நிருபர்’ என்று இருக்கும். எவரிஸ்தோ என்ற பேர் ஒருநாளும் வந்ததில்லை.

எக்சில்டா சந்தையில் கருவாடு விற்கிறவள். பழைய பேப்பரில்தான் மடித்துக் கொடுப்பாள். “இதுல எது உன் செய்தின்னு எனக்கு எப்படித் தெரியும்? உன் பேரே இல்லியே. இதுவரைக்கும் நாலஞ்சைக் கருவாட்டோட மடிச்சு வித்திருப்பேன்” என்பாள்.

இதை வைத்து அவனை ஓட்டாத ஆள் இல்லை. எல்லாரையும்விட அதிகமாக ஓட்டியவன் வைட்சன் ஜெரே. மாவட்டத்து விவசாய அதிகாரி, உரக் கிடங்கின் சாவி அவனிடம்தான். சிபாட்டாப் பக்கத்து ங்கோனி இனத்து ஆள். மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தான். எவரிஸ்தோவும் ஊர்க்காரர்களும் பெம்பா இனம். பெம்பாவுக்கும் ங்கோனிக்கும் கேலி முறை. பாட்டன் பூட்டன் காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டவர்கள் இப்போது வாயால் குத்திக்கொள்கிறார்கள். எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவன்தான் மரியாதை தெரியாதவன். மரியாதைப் பேச்செல்லாம் அந்நியனுக்குத்தான். எவரிஸ்தோவும் ஜெரேயும் காலைத் தேநீருக்கு ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். ஒருநாள்கூட ஒருத்தன் பேரை இன்னொருத்தன் சொல்லி யாரும் கேட்டதில்லை. பெம்பா என்றால் குரங்குத்தின்னி, ங்கோனி என்றால் எலித்தின்னி.

“ஏய் குரங்குத்தின்னி, நேத்து மாமரத்துல ஒருத்தன் தொங்கிக்கிட்டு உன்னைக் கேட்டான். உன் அண்ணனா, இல்ல உன் மத்தியானச் சாப்பாடான்னு தெரியல.”

“நீ முதல்ல வாயைத் துடைடா எலித்தின்னி. வால் வெளியே தொங்குது.”

“அது இருக்கட்டும். அந்த நமது நிருபர்னு ஒருத்தன் எழுதறான் பாரு, நல்லா எழுதறான்டா. பாம்பு கடிச்சதை அப்படியே கண்ணுல காட்டிட்டான். அவன்கிட்டப் போய் நீயும் ஏதாவது கத்துக்கோயேன்.”

பெஞ்சே குலுங்கும். எவரிஸ்தோவும் சிரிப்பான். ஆனால் வீட்டுக்கு வந்தால் அந்தப் பேப்பரை எடுத்து, நமது நிருபர் என்ற இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். முபாங்கா பார்த்திருக்கிறான்.

ஆறாவது வருஷம் ஒரு கடிதம் வந்தது. செய்தி ஆசிரியை நமுக்கோலோ அம்மாள் கையெழுத்துப் போட்டிருந்தாள். வடக்கு மாகாணத்துக்குக் கசாமாவில் ஒரு அலுவலகம் திறக்கப்போகிறோம், ஒரு நிருபரை வேலைக்கு எடுக்கப்போகிறோம், உங்கள் பேரும் பேச்சில் இருக்கிறது. கூட்டம், தீர்மானம் என்று அனுப்பாமல் மனிதர்களைப் பற்றி நல்லதாக ஒன்று எழுதி அனுப்புங்கள், உங்கள் பேர் போட்டே வெளியிடுகிறோம், அதற்குப் பிறகு பேசலாம் என்று இருந்தது.

எவரிஸ்தோ அந்தக் கடிதத்தை எக்சில்டாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினான். முபாங்காவுக்கு இரண்டு தடவை. ஜெரேயிடம் மட்டும் சொல்லவில்லை. வேலை கிடைத்தபிறகு சொல்லி அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தான்.

அந்த அக்டோபர் கடைசியில் கிழவர் சிசாங்கா செத்துப்போனார். கூட்டுறவுச் சங்கத்துத் தலைவர், ஊரிலேயே அதிகமாகச் சோளம் போடுகிறவர். சாவு வீட்டில் மூன்று நாள் அழுகை. கிழவரின் மனைவி மட்டும் அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை, யாரோடும் பேசவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாருக்கும் பயமாகிவிட்டது.

சவப்பெட்டியை எடுக்கிற நாள் ஜெரே தன் ஆட்களோடு வந்தான். சாவு வீட்டிலும் கேலி பேசக் கேலி முறைக்காரனுக்குத்தான் முதல் உரிமை. செத்தவரின் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டான். அவர் மாதிரியே தடியை ஊன்றி, இருமி, காறித் துப்பி, முற்றத்தைச் சுற்றி நடந்தான். பெட்டிக்குக் குறுக்கே மல்லாக்கப் படுத்துக்கொண்டு வழி விடமாட்டேன் என்றான்.

“ஒரு குரங்குத்தின்னி கொறைஞ்சான்! இந்த வருஷம் காட்டுல குரங்குங்க நிம்மதியாத் தூங்கும். கேளுங்கடா பெம்பாக்காரனுங்களே, இனி உங்க ஒருத்தனுக்கும் ஒரு மூட்டை உரம் தரமாட்டேன். குடுத்தா அதையும் கஞ்சியில போட்டுக் குடிச்சிட்டு இந்தக் கிழவன் மாதிரி மல்லாந்துருவீங்க. உரமெல்லாம் எங்க ங்கோனிக்குத்தான். நாங்க அதைப் போட்டு எலி வளப்போம்!”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முபாங்காவும் அங்கேதான் இருந்தான், அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா திரும்பினாள். புருஷன் தொப்பியோடு தரையில் கிடக்கிற ஜெரேயைப் பார்த்தாள். “எந்திரிடா எலித்தின்னி, தொப்பி அழுக்காகுது” என்றாள். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். சிரித்தது அப்படியே அழுகையாக மாறி, மூன்று நாள் அழுகையையும் சேர்த்து அழுதாள். பெண்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள்.

எவரிஸ்தோ இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினான். வெள்ளிக்கிழமை உறையைக் கொடுக்குமுன் பேருந்தின் படியில் உட்காரவைத்து, ஆங்கிலத்தில் எழுதியதை முபாங்காவுக்குப் பெம்பா மொழியில் சொன்னான். முதலில் ஜெரேயின் திட்டு முழுவதும் வந்தது. உரம், கஞ்சி, எலி எல்லாம். சிரிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. படிக்கிறவனே சிரிப்பான், நான் எதுக்குச் சொல்லணும் என்றான். பிறகு அந்த அம்மா திரும்பியது. கடைசிப் பத்தியில்தான் குழி. அந்தக் குழியை வெட்டியது ஜெரே. மண் தள்ளி முடித்து எல்லாரும் கிளம்பின பிறகும் மண்வெட்டியை விடாமல் அங்கேயே நின்றான். இரண்டு பேர் அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் மண்வெட்டியை வாங்க வேண்டியிருந்தது.

முபாங்கா உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, “இதை முன்னாலயே சொல்லக் கூடாதா மச்சான்?” என்று கேட்டான்.

“முன்னால சொன்னா என்ன இருக்கு? சிரிக்க வச்சுக் கூட்டிக்கிட்டுப் போய்க் கடைசியில அங்க நிறுத்தணும். அப்பதான் ஆளு புரியும்.”

கதை சொல்கிற எவனும் அப்படித்தான் சொல்லுவான். இதில் முபாங்கா தப்பு ஒன்றும் பார்க்கவில்லை. இன்றுவரைக்கும் பார்க்கவில்லை.

அடுத்த புதன்கிழமை விடியற்காலை லுசாக்கா நிலையத்தில் பேப்பர் கட்டைப் பிரித்தார்கள். முபாங்கா எப்போதும்போல ஒன்று வாங்கிப் புரட்டினான். மூன்றாம் பக்கத்தில் பெரிய தலைப்பு. அதற்குக் கீழே எவரிஸ்தோ கசொண்டே. முழுப் பேர். ஆங்கிலத்தில் பேர்களை முபாங்கா படித்துவிடுவான், மற்றதற்கு எழுத்துக் கூட்ட வேண்டும், நேரம் பிடிக்கும். படித்தே ஆகவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கதைதான் தெரியுமே. அந்தச் சந்தோஷத்தில் பத்துப் பேப்பர் வாங்கினான்.

அதைத்தான் இன்றைக்கும் அவனால் தாங்க முடிவதில்லை. கபிரியில் நிறுத்தித் தேநீர்க்கடைக்காரனிடம் ஒன்று கொடுத்தான். செரெஞ்சேயில் டிக்கெட் கொடுக்கிறவனிடம் ஒன்று. ம்பிக்காவில் இரண்டு. “என் மச்சான்டா. தங்கச்சி புருஷன். பேரைப் பாரு, முழுசாப் போட்டிருக்கான்” என்று சன்னல் வழியாக நீட்டினான். ம்பிக்காவில் ஏறிய ஒரு பள்ளிக்கூட வாத்தியார் முன் இருக்கையில் உட்கார்ந்து முழுவதும் படித்தார். படித்துவிட்டு மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

“டிரைவர், இதை நீங்க படிச்சீங்களா?”

“எனக்குக் கதை தெரியும் சார். சிரிச்சீங்களா?”

“இல்லைங்க” என்றார் வாத்தியார். அதற்குமேல் கசாமாவரைக்கும் அவர் வாய் திறக்கவில்லை. வாத்தியார்களுக்குச் சிரிப்பே வராது என்று நினைத்துக்கொண்டான் முபாங்கா.

கசாமா நிலையத்துக்கு எதிரே உரக் கிடங்கு. நவம்பர் பிறந்துவிட்டது, முதல் மழை விழுந்துவிட்டது, உரம் மட்டும் மூன்று வாரமாக வரவில்லை. கிடங்கின் கதவடியில் நூறு பேருக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கும் முபாங்கா தன் கையாலேயே இரண்டு பேப்பர் கொடுத்தான்.

எவரிஸ்தோ ஓடிவந்தான். முதலில் பேரைப் பார்த்தான். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு பேரைத் தொட்டான். பிறகு தலைப்பைப் பார்த்தான். ‘பெம்பாக்களுக்கு உரம் இல்லை: அதிகாரி’ என்று இருந்தது. அதற்குக் கீழே சாவு வீட்டில் அதிகாரி பேசியது அவ்வளவும் இருந்தது. ஒரு குரங்குத்தின்னி குறைந்தான். ஒரு மூட்டை தரமாட்டேன். உரமெல்லாம் ங்கோனிக்கு. அதோடு முடிந்துவிட்டது. அதற்குக் கீழே அரைப் பக்கத்துக்குச் சோப்பு விளம்பரம், ஒரு பெண் நுரைக்குள் நின்றுகொண்டு சிரித்தாள்.

எவரிஸ்தோ பக்கத்தைப் புரட்டினான். திரும்பவும் மூன்றாம் பக்கத்துக்கு வந்தான். கடைசிப் பக்கம் வரைக்கும் போய், விளையாட்டுச் செய்திகளுக்கு நடுவில்கூடத் தேடினான்.

“மீதி எங்க மச்சான்? மீதியை எங்க போட்டிருக்கான்?”

எதிரே கிடங்கு வாசலில் ஒருத்தன் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

சாவு வீட்டுக்கு வந்திருந்தவர்கள் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அது கேலி, நாங்களும் சிரித்தோம் என்று. ஒருசிலர் சொன்னார்கள். ஆனால் சிரித்தவர்களிலேயே பாதிப் பேர் மெதுவாக வேறு மாதிரி பேச ஆரம்பித்தார்கள்.

“அன்னைக்கு நாங்களும் வெளையாட்டுன்னுதான் நினைச்சோம். ஆனா உரம் வரலையேப்பா.”

“பேப்பர்ல சும்மாவா போடுவான்?”

முபாங்கா அவர்களோடு மல்லுக்கு நின்றான். ஒருத்தனின் சட்டைக் கழுத்தைப் பிடித்துவிட்டான். “நீதானேய்யா பேப்பரைக் கொண்டாந்து குடுத்தே” என்றான் அவன். முபாங்கா கையை எடுத்துவிட்டான்.

வியாழக்கிழமை ஜெரேயின் வீட்டுச் சன்னல்கள் உடைந்தன. வெள்ளிக்கிழமை அமைச்சகத்திலிருந்து ஆட்கள் வந்து கிடங்குச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

எவரிஸ்தோ தான் எழுதியதன் கார்பன் படியை எடுத்துக்கொண்டு ஜெரேயின் வீட்டுக்குப் போனான். தனியாகப் போகப் பயந்து முபாங்காவையும் கூட்டிப்போனான். ஜெரேயின் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜெரே கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

“வாங்க மிஸ்டர் கசொண்டே. உக்காருங்க” என்றான்.

அறைந்திருந்தால்கூட எவரிஸ்தோ தாங்கியிருப்பான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான் ஜெரே. அதுவும் மரியாதையாக.

“டேய் எலித்தின்னி, விளையாடாதடா. நான் எழுதுனது இது. இந்தாடா, முழுசாப் படி. அவங்க வெட்டிட்டாங்கடா.”

“அப்படியெல்லாம் பேசக் கூடாதுங்க மிஸ்டர் கசொண்டே. யாராவது எழுதிப் போட்டுருவாங்க.”

“படிடா. கடைசியை மட்டுமாவது படி.”

ஜெரே அந்தத் தாளைக் கையில் வாங்கவே இல்லை. “அச்சுல வந்ததுதாங்க கணக்கு. உங்க பேரு வரணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு இல்லீங்களா. நல்லா வந்திருக்கு. பெரிய எழுத்து” என்றான். பிறகு முபாங்காவைப் பார்த்து, “டிரைவர் ஐயா, பாத்து நடங்க, கால்ல கண்ணாடி குத்திரும்” என்றான்.

அவ்வளவுதான். அந்த வாரக் கடைசியில் ஜெரே குடும்பத்தோடு போய்விட்டான். விசாரணை என்று இரண்டு வருஷம் இழுத்து, வேலையைவிட்டு நிறுத்தினார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

முபாங்கா அடுத்த ஓட்டத்தில் லுசாக்கா போனதும் காவல்காரனைத் தள்ளிவிட்டுப் பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்தான். நமுக்கோலோ அம்மாள் ஏதோ கூட்டத்தில் இருந்தாள். பக்கம் தயாரிக்கிற மேசையில் ஒருத்தன் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். பேச்சைக் கேட்டதும் பெம்பா ஆள் என்று முபாங்காவுக்குத் தெரிந்துவிட்டது. அதுவே ஆத்திரத்தைக் கிளப்பியது.

“நீயும் பெம்பாதானேய்யா? கேலி முறை உனக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன அண்ணே? என் பொண்டாட்டியே ங்கோனி. நான் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன்.”

“அப்புறம் எதுக்குய்யா வெட்டுனே?”

“பக்கம் முடிக்கிற நேரத்துல சோப்பு விளம்பரம் வந்திருச்சு. நீளமா இருந்தா அடியிலேருந்து வெட்டுறதுதான் வழக்கம்.”

“அடியிலதானேய்யா அந்த ஆளே இருந்தான்!”

“முக்கியமானதை மேல வைக்கணும் அண்ணே. அது முதல் பாடம்.”

“யார் சொல்லிக் குடுத்தா அவனுக்கு?”

அவன் யோசித்துப் பார்த்தான். “பள்ளியில சொல்லிக் குடுப்பாங்க” என்றான். “பத்திரிகைப் பள்ளியில.” பொட்டலத்தை நீட்டி, “கடலை எடுத்துக்கோங்க” என்றான். முபாங்கா பொட்டலத்தைத் தட்டிவிட்டான். காவல்காரர்கள் இரண்டு பேர் வந்து அவனை வாசல்வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள்.

திருத்தம் ஒன்று பத்து நாள் கழித்து வந்தது. பதினோராம் பக்கத்தில் இரண்டே வரி. அதற்குள் லுசாக்காவிலிருந்து ஒரு நிருபன் படம் பிடிக்கிற ஆளோடு விமானத்தில் வந்து இறங்கியிருந்தான். அவனுக்கு ஊரைச் சுற்றிக் காட்டச் சொல்லி எவரிஸ்தோவுக்கே தகவல் வந்தது. இவனும் போனான். மீதியை அந்த நிருபன் மூலமாவது அச்சில் ஏற்றிவிடலாம் என்ற நப்பாசை. உடைந்த சன்னல்களைக் காட்டினான், கிடங்கைக் காட்டினான், கிழவர் சிசாங்காவின் சமாதிக்கும் கூட்டிப்போனான்.

“இந்தக் குழியை வெட்டுனதே ஜெரேதான்” என்றான்.

“அதெல்லாம் போன வாரக் கதை அண்ணே. இப்ப கல்லெறிஞ்சதுதான் கதை” என்றான் அந்த நிருபன். நாலு நாள் முதல் பக்கத்தில் அவன் பேர் வந்தது. கசாமா அலுவலகத்து வேலையும் அவனுக்கே கிடைத்தது. பிழைக்கத் தெரிந்தவன். முக்கியமானதை மேலே வைக்கத் தெரிந்தவன்.

எவரிஸ்தோ அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் எழுதினான். முதல் வரியிலேயே யார், எங்கே, எத்தனை பேர் செத்தார்கள் என்று எல்லாவற்றையும் கொட்டினான். எங்கே வெட்டினாலும் நஷ்டமில்லாத மாதிரி. நிறைய வந்தது, முன்னைவிட அதிகமாகவே வந்தது. எல்லாம் நமது நிருபர். தேநீர்க்கடைப் பெஞ்சில் அதை வைத்துக் கேலி செய்ய ஆள் இல்லை. ஊரில் வேறு ங்கோனிகள் இருந்தார்கள், ஆனால் எவரிஸ்தோவைக் கண்டால் எல்லாரும் ஐயா என்றார்கள், வணக்கம் என்றார்கள். முபாங்காவுக்கும் அதே மரியாதைதான். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை உறை வரவில்லை. முபாங்கா பதினைந்து நிமிஷம் பேருந்தை நிறுத்திவைத்துப் பார்த்தான். பயணிகள் சத்தம் போட்டார்கள். கிளம்பிவிட்டான்.

அதன்பிறகு எவரிஸ்தோ செங்கல் சூளையில் எண்ணிக்கை எழுதினான். மார்ச்சளி பிடித்தது, போகவில்லை. சூளைப் புகைதான் என்றார்கள் மருத்துவமனையில், பிறகு வேறொன்று என்றார்கள். போன மழைக்காலத்தில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. எலும்பில் சட்டை மாட்டியது மாதிரி கிடந்தான்.

கடைசியாக முபாங்கா மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எக்சில்டா கஞ்சி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். எவரிஸ்தோ கண்ணைத் திறந்து, “மச்சான், சிபாட்டாவுக்கு வண்டி ஓட்டுற யாரையாவது தெரியுமா உனக்கு?” என்று கேட்டான்.

“தெரியும். எதுக்கு?”

“ஜெரே அங்க சோள மில்லு வச்சிருக்கானாம். சந்தைக்குப் பின்னாடி. விசாரிச்சு வச்சிருக்கேன். நீ போகணும்.”

“கார்பன் படியைக் குடு, கொண்டுபோறேன். உன் உறை எதையாவது நான் தொலைச்சிருக்கேனா?”

“தாள் வேண்டாம். தாளை அவன் தொடமாட்டான். நீ வாயால சொல்லு. பெம்பாவிலயே சொல்லு, அவனுக்கு நம்ம பேச்சு நல்லாத் தெரியும். எங்க, கடைசிப் பத்தியைச் சொல்லு பாப்போம்.”

முபாங்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னான். பேருந்துப் படியில் ஒரு தடவை கேட்டதுதான், ஆனால் மறக்கவில்லை. குழியை ஜெரே வெட்டினான், எல்லாரும் போனபிறகும் நின்றான், நின்று அழுதான், அவன் விரலைப் பிரித்து மண்வெட்டியை வாங்கினார்கள்.

“அழுதான்னு நான் எழுதல” என்றான் எவரிஸ்தோ.

“அழுதான் மச்சான். நான் என் கண்ணால பாத்தேன்.”

“நானும்தான் பாத்தேன். எழுதல. மண்வெட்டியை விடலன்னு மட்டும் சொல்லு. அதுல எல்லாம் இருக்கு.”

இன்னொரு தடவை சொல்லவைத்தான். மூன்றாவது தடவை தலையை ஆட்டினான். இருமல் வந்தது, அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. முபாங்கா தண்ணீரை வாயருகே பிடித்தான். குடிக்காமல் அவன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டான் எவரிஸ்தோ.

“சொன்னதும் அவன் சரிங்கய்யா, ரொம்ப நன்றிங்கன்னு மரியாதையா அனுப்பப் பாப்பான். நாற்காலி போடுவான், தேத்தண்ணி குடுப்பான். வந்துராதே. ரெண்டு நாள் ஆனாலும் மில்லு வாசல்லயே உக்காந்திரு. அவன் வாயிலேருந்து நல்லதா ஒரு வசவு விழற வரைக்கும் அங்கேருந்து எந்திரிக்காதே, மச்சான்.”